முடியாதென்று எழுதிக் கொடுங்கள்

எடெலிசாவின் பழைய பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்தக்கூட இடம் மிச்சமில்லை. வருடா வருடம் தங்கும் அனுமதியை நீட்டித்து நீட்டித்து, ஊருக்குப் போய்வரக் கேட்டு வாங்கிய அனுமதிகளும் சேர்ந்து, கடைசிப் பக்கம் வரைக்கும் நிரம்பிவிட்டது. பக்கம் தீர்ந்தால் புதுப் புத்தகம் வாங்கியே ஆக வேண்டும். வாங்கினால் பழையதில் உள்ள அனுமதியைக் குடியேற்ற அலுவலகத்தில் காட்டி, புதியதில் மாற்றிக் குத்தி வாங்க வேண்டும். தாய்லாந்தில் வாத்தியார் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு இது பல் பிடுங்கிக்கொள்வது மாதிரி. போகப் பயமாக இருக்கும், போனால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆறு வருடத்துக்கு முன்பு அவளுக்கும் அப்படித்தான் முடிந்தது.

இந்த முறை அப்படி முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஏனென்றால் இந்த முறை அவள் ஒரு காரியம் செய்திருந்தாள்.

அவள் நாட்டில் அவளைப் போன்ற கிறிஸ்தவர்களுக்குக் கல்யாணம் என்பது எலிப்பொறி. உள்ளே போக வாசல் உண்டு, வெளியே வர வாசல் இல்லை. விவாகரத்து என்ற பேச்சே சட்டத்தில் கிடையாது. கல்யாணமே செல்லாது என்று வழக்குப் போடலாம், போட்டால் தீர்ப்பு வருவதற்குள் தலை நரைத்துவிடும். புருஷன் ரெனாட்டோ எட்டு வருடமாக பக்கோலோத் நகரத்தில் செர்லி என்ற இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்தி இரண்டு பிள்ளைகளும் பெற்றுவிட்டான். ஆனாலும் காகிதத்தில் இவள்தான் திருமதி எஸ்கலாந்தே. இப்படி இருக்கையில், போன வருடம் அங்கே ஒரு புதுச் சட்டம் வந்தது. பெண்டாட்டி விரும்பினால் பாஸ்போர்ட்டில் தன் பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்பிக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஒரு முறைதான். மனம் மாறி மறுபடி புருஷன் பெயருக்குப் போனால் அப்புறம் ஆயுசுக்கும் அதுதான்.

பாங்காக் தூதரகத்தில் அந்தப் படிவத்தை நீட்டியபோது எடெலிசா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. யோசித்ததெல்லாம் அந்த எட்டு வருடத்தில் யோசித்தாகிவிட்டது. பிறகு பள்ளிக்கூடத்துக்கு வந்து யாரிடமும் மூச்சு விடவில்லை. புதுப் பாஸ்போர்ட் தபாலில் வந்த செவ்வாய்க்கிழமைதான் விஷயம் வெளியே வந்தது.

பள்ளி அலுவலகத்தில் வெளிநாட்டு ஆசிரியர்களின் காகிதங்களைப் பார்த்துக்கொள்கிறவள் ஆப்பிள். காகிதத்தில் அவள் பெயர் பிம்லபட், அது மூன்றாவது பெயர். முதல் பெயருக்கு ராசி இல்லை என்று ஜோசியர் சொன்னார் என்று மாற்றினாள். இரண்டாவது பெயரில் இருந்தபோது பைக்கிலிருந்து விழுந்து கை ஒடிந்தது, அதையும் மாற்றினாள். தாய்லாந்தில் பெயர் மாற்றுவது முடி வெட்டிக்கொள்வது போல. மாவட்ட அலுவலகத்துக்குப் போனால் ஒரு தாள் கொடுப்பார்கள், அவ்வளவுதான். ஊருக்கு மட்டும் அவள் பிறந்ததிலிருந்து ஆப்பிள்.

ஆப்பிள் பொரித்த வாழைப்பழத்தைக் கடித்துக்கொண்டே புதுப் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். வாய் அசைவது நின்றது.

"டீச்சர், யாரு இது?"

"நான்தான்."

"போட்டோ நீங்க. பேரு?"

"அதுவும் நான்தான் அக்கா."

ஆப்பிள் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழையதில் எடெலிசா மக்பனுவா எஸ்கலாந்தே. புதியதில் எடெலிசா துபாஸ் மக்பனுவா. அவர்கள் ஊர் வழக்கத்தில் நடுப்பெயர் என்று ஒன்று உண்டு. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அம்மா வீட்டுப் பெயர் நடுவிலும் அப்பா வீட்டுப் பெயர் கடைசியிலும் இருக்கும். கல்யாணம் ஆனதும் அம்மா இறங்கிவிட, அப்பா நடுவுக்கு நகர்ந்து, கடைசி இருக்கையில் புருஷன் ஏறி உட்கார்ந்துகொள்வான். இப்போது புருஷனை இறக்கிவிட்டதில் எல்லாரும் பழைய இடத்துக்கு வந்திருந்தார்கள். இது ஆப்பிளுக்கு எப்படிப் புரியும்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம், தான் பன்னிரண்டு செட் நகல் எடுத்து, ஒவ்வொரு தாளிலும் எஸ்கலாந்தே என்று கையெழுத்தும் வாங்கிக் கட்டி வைத்திருக்கிறோம் என்பதுதான்.

"சரி, பரவால்ல. பேரு மாத்தின தாளக் குடுங்க, அதையும் சேத்து வச்சிடறேன்."

"அப்படி ஒரு தாளே கிடையாதுக்கா. நான் பேரு மாத்தல."

"இவ்ளோ மாறியிருக்கு, மாத்தலங்கறீங்க."

"எங்க சட்டத்துல பொறந்த பேரு என்னைக்கும் போகாது. எஸ்கலாந்தேங்கறது மேல போட்ட சட்டை. கழட்டிட்டேன்."

ஆப்பிள் பெருமூச்சு விட்டாள். "டீச்சர், நம்ம ஊருல குடும்பப் பேரச் சொல்லி யாரு கூப்புடறா? பசங்க டீச்சர் எடிங்கறாங்க, நான் டீச்சருங்கறேன். யாரும் சொல்லாத பேருக்கு எதுக்கு இந்தப் பாடு? அதுவும் உங்க அப்பா பேருதான, அவரும் ஆம்பளதான?"

"அது நான் பொறந்தப்பவே கூட வந்தது. யார்கிட்டயும் கேட்டு வாங்கல."

"வெள்ளிக்கிழமையோட உங்க அனுமதி முடியுது. வெள்ளிக்கிழமை அரசு லீவு. வியாழக்கிழமைக்குள்ள முத்திரை மாறலன்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

தெரியும். முத்திரை மாறினால்தான் அடுத்த வருடத்துக்கு நீட்டிக்க மனு வாங்குவார்கள். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு நாட்டை விட்டுப் போய், முதலிலிருந்து விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும். பள்ளிக்கூடம் அதுவரைக்கும் நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருக்காது. பதினோரு வருட வேலை போய்விடும். அது வேண்டாமென்றால் தூதரகத்துக்குப் போய் எஸ்கலாந்தே என்றே மறுபடி புத்தகம் கேட்கலாம். அப்புறம் சாகும்வரை எஸ்கலாந்தேதான்.

ஆப்பிள் நல்லவள். நல்லவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், அதுதான் சிக்கல். அன்று மத்தியானமே முகநூலில் எஸ்கலாந்தே என்று தேடி, ரெனாட்டோவைக் கண்டுபிடித்து, "உங்கள் மனைவியின் பெயர் விஷயமாக உங்கள் சம்மதக் கடிதம் தேவைப்படலாம்" என்று எழுதிவிட்டாள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான்.

சாயங்காலம் எடெலிசா அரிசி களைந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. இரண்டு வருடமாக அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்ததில்லை.

"எடி, எப்படி இருக்க?" என்றான் ரெனாட்டோ.

"என்ன விஷயம், சொல்லு."

"உங்க ஸ்கூல்லேர்ந்து ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. என் சம்மதம் வேணுமாமே உனக்கு." குரலில் சர்க்கரை சொட்டியது.

"வேணாம். அவங்க தெரியாம எழுதிட்டாங்க."

"அட, நான் தரேன்டி. நீ நல்லா இருந்தா எனக்குச் சந்தோஷம்தான. நாளைக்கே நோட்டரிகிட்ட முத்திரை வாங்கி அனுப்பறேன். ஒண்ணே ஒண்ணு, இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். செர்லி காதுக்குப் போக வேணாம்."

"செர்லிக்கும் என் பாஸ்போர்ட்டுக்கும் என்ன?"

அவன் இருமினான். ரெனாட்டோ பொய் சொல்வதற்கு முன்பு இருமுவான், உண்மை சொல்வதற்கு முன்பும் இருமுவான். "அவ வழக்குப் போடு, வழக்குப் போடுன்னு உயிர வாங்கிட்டிருக்கா. நான் ஏதோ சமாளிக்கணுமேன்னு... நீதான் விடமாட்டேங்கறன்னு சொல்லி வச்சிருக்கேன். எஸ்கலாந்தேங்கற பேரப் புடிச்சுத் தொங்கிட்டிருக்கா, கோர்ட்டுக்குப் போனா மல்லுக்கு நிப்பான்னு."

"எத்தன வருஷமா சொல்லிட்டிருக்க?"

"இருக்கும், ஒரு ஏழு எட்டு."

எடெலிசா அரிசியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவன் போனதுகூட இப்படி எரிக்கவில்லை. வழக்கு நடத்தச் சோம்பல் ஒருத்தனுக்கு, அதற்கு எட்டு வருடமாக முகம் தெரியாத ஒருத்தியின் வீட்டில் இவள் அட்டையாக ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். தொலைபேசியை வைத்துவிட்டாள்.

புதன்கிழமை மாலை முகநூல் வழியாகக் கடிதம் வந்தே விட்டது, ஆப்பிளுக்கு. வியாழன் காலையில் மாகாணத் தலைநகருக்குக் காரோட்டிக்கொண்டே ஆப்பிள் அதைச் சொன்னாள். "உங்க வீட்டுக்காரரு ரொம்ப மரியாதையான ஆளு டீச்சர். கேட்ட ஒடனே அனுப்பிட்டாரு. கலர்ல அச்செடுத்துக் கோப்புல வச்சிட்டேன்."

"அத எடுத்துடுங்கக்கா."

"இருக்கட்டும். கேட்டாத்தான் குடுக்கப்போறோம்."

குடியேற்ற அலுவலகத்தில் வழக்கம்போல் கூட்டம். பர்மாக்காரர்கள், லாவோஸ்காரர்கள், பெண்டாட்டி ஊரில் வந்து குடியேறிய வெள்ளைக்காரக் கிழவர்கள். எடெலிசாவின் எண் வந்தபோது மணி பத்தரை. மேஜைக்குப் பின்னால் விலாவன் என்று பெயர் குத்திய அதிகாரி அம்மா. ஆறு வருடத்துக்கு முன்பு முத்திரை மாற்றிக் கொடுத்ததும் அதே அம்மாதான், அப்போது கண்ணாடி போட்டிருக்கவில்லை. பாஸ்போர்ட்டோடு வந்த தூதரகக் கடிதத்தை முதலில் படித்தாள். இரண்டு பாஸ்போர்ட்டும் ஒரே ஆளுடையது, பழையதற்குப் பதிலாகப் புதியது என்று அதில் தெளிவாக இருந்தது. பிறகு புத்தகங்களைத் திறந்தாள்.

"துபாஸ் யாரு?"

"எங்க அம்மா வீட்டுப் பேரு மேடம்."

"எஸ்கலாந்தே?"

"புருஷன் வீட்டுப் பேரு."

"புருஷன் செத்துட்டாரா?"

"இல்ல மேடம். நல்லா சாப்பிட்டுட்டுத் தெம்பா இருக்காரு."

"அப்போ விவாகரத்தா?"

"எங்க நாட்டுல அது கிடையாது."

விலாவன் கண்ணாடியைக் கழற்றினாள். "புருஷன் இருக்காரு. விவாகரத்து இல்ல. பேரு மட்டும் போயிடுச்சு. பேரு மாத்தின தாள் எங்க?"

"மாத்தல மேடம், அதனால தாள் இல்ல. இது என் பிறப்புச் சான்று, இது கல்யாணச் சான்று. ரெண்டுலயும் மக்பனுவான்னுதான் இருக்கு பாருங்க."

"இதெல்லாம் எனக்குப் போதாது. ஒண்ணு தாள் வேணும். இல்லன்னா புருஷன் எழுதிக் குடுக்கணும், எனக்கு ஆட்சேபம் இல்லன்னு."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. எடெலிசா வாயைத் திறப்பதற்குள் ஆப்பிள் கோப்பிலிருந்து அந்தக் கடிதத்தை உருவி மேஜைமேல் வைத்துவிட்டாள். சிவப்பு முத்திரையோடு பளபளவென்று இருந்தது. 'என் மனைவி திருமதி எடெலிசா எஸ்கலாந்தே வேலை நிமித்தமாகத் தன் பிறந்த வீட்டுப் பெயரை உபயோகித்துக்கொள்ள இதன்மூலம் அனுமதி அளிக்கிறேன்.' விலாவனின் முகம் தெளிந்தது.

"இத மொதல்லயே குடுத்திருக்கலாமே. அஞ்சு நிமிஷ வேலை."

எடெலிசா கடிதத்தின்மேல் கையை வைத்தாள். மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, இரண்டாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"டீச்சர், என்ன பண்றீங்க?" என்றாள் ஆப்பிள்.

"இது என் கோப்புல சேராது."

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒரு தாள்தானே, ஏதோ ஒரு அலமாரியில் தூசி படியப்போகிறது, யார் எடுத்துப் படிக்கப்போகிறார்கள் என்று மனசு சொல்லத்தான் செய்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் பரீட்சை. வாடகை அறை, குளிர்பெட்டி, அதற்குள் வாங்கி வைத்த மீன், எல்லாம் கண்ணில் வந்து போயின. ஆனால் அந்தக் கடிதத்தைக் கொடுத்தால் கிடைக்கிற மக்பனுவா ரெனாட்டோ கொடுத்த மக்பனுவாவாகத்தான் இருக்கும். அது அவளுக்கு வேண்டாம்.

"அவரு குடுத்து வர பேரு எனக்கு வேணாம் மேடம்," என்றாள்.

"அப்போ முத்திரை மாத்த முடியாது."

"சரி மேடம். முடியாதுன்னு எழுதிக் குடுங்க."

விலாவன் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்கு நான் நாட்டை விட்டுப் போகணும். ஏன் போறன்னு ஸ்கூல்ல கேப்பாங்க, தூதரகத்துல கேப்பாங்க. காட்டறதுக்கு ஒரு தாள் வேணுமில்ல. நீங்கதான் எல்லாத்துக்கும் தாள் வேணுங்கறீங்க."

பின்னால் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் எட்டிப் பார்த்தார். ஆப்பிள் எடெலிசாவின் முழங்கையைக் கிள்ளினாள். அந்த ஊரில் யாரும் அதிகாரியிடம் இப்படிப் பேசுவதில்லை. எடெலிசாவும் குரலை உயர்த்தவில்லை, சிரித்த முகமாகத்தான் கேட்டாள். அதுதான் விலாவனை இன்னும் சங்கடப்படுத்தியது. வெடுக்கென்று ஒரு தாளை எடுத்தாள். தேதி எழுதினாள், பாஸ்போர்ட் எண் எழுதினாள். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"என்ன போடறது?"

"நீங்க சொன்னதுதான் மேடம். புருஷன் சம்மதக் கடிதம் இல்லன்னு போடுங்க. எந்த விதியில அப்படி இருக்குன்னு நம்பரும் போட்டுடுங்க."

விலாவன் இழுப்பறையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். முன்னாலிருந்து புரட்டினாள், பின்னாலிருந்து புரட்டினாள். பிறகு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். போகும்போது உட்காருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

உட்கார்ந்தார்கள். பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். ஆப்பிள் வெளியே போய் கையில் ஒட்டும் அரிசிச் சோறும் சுட்ட கோழியும் வாங்கி வந்து, கோபத்தோடு பாதியைப் பிரித்துக் கொடுத்தாள்.

"நான் உங்களுக்காகத்தான் அவருக்கு எழுதினேன்."

"தெரியும்க்கா."

"இப்போ ரெண்டும் கெட்டுடும் போலிருக்கே. உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. கோழி இன்னும் கொஞ்சம் குடுங்க."

ஒன்றரை மணிக்கு உள்ளறையிலிருந்து பெரிய அதிகாரியே வந்தார். வழுக்கைத் தலை, பல்லிடுக்கில் குச்சி. கையில் அந்தப் பாதி எழுதிய தாள்.

"இத எழுதச் சொன்னது யாரு?"

எடெலிசா எழுந்து கைகூப்பி வணங்கினாள். "நான்தான் சார்."

"இதுல நான் கையெழுத்து வேற போடணுமாமே."

"ஆமா சார்."

"புருஷன் கடிதம் கையில இருக்காம். குடுக்க மாட்டேங்கறீங்களாம்."

"இருக்கு சார். குடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"ஆறு வருஷம் முன்னால இதே மேஜையில எஸ்கலாந்தேங்கற பேர்ல முத்திரை மாத்திக் குடுத்தீங்க. அந்தப் பேரும் எனக்குக் கல்யாணத்துல வந்ததுதான். அன்னைக்கு எங்க அப்பா சம்மதக் கடிதம் எங்கன்னு யாரும் கேக்கல சார்."

அவர் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். விலாவனைப் பார்த்தார், விலாவன் தரையைப் பார்த்தாள்.

"தூதரகம் ரெண்டும் ஒரே ஆளுன்னு சொல்லுதா?"

"சொல்லுது சார்," என்றாள் விலாவன்.

அவர் தாளை நான்காகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். "மாத்திக் குத்திக் குடு. நீட்டிப்பு மனுவையும் இன்னிக்கே வாங்கிடு. இந்த டீச்சரத் திரும்ப வர வைக்காத."

ஆப்பிள் கட்டி வைத்திருந்த பன்னிரண்டு செட்டும் வீணாயின. எதிரே உள்ள நகல் கடையில் புதிதாக எடுத்து, ஒவ்வொரு தாளிலும் நீல மையில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. எடெலிசாவின் கை பழக்கத்தில் எஸ்கலாந்தேயின் எகரத்தை நோக்கிப் போய்ப் போய் நின்றது. முதல் பத்துத் தாளில் மக்பனுவா கோணல்மாணலாக, பள்ளிப்பிள்ளை எழுதியதுபோல இருந்தது. விலாவன் அப்படியே வாங்கிக்கொண்டாள். நாலரை மணிக்குப் புதுப் பாஸ்போர்ட்டின் ஏழாம் பக்கத்தில் முத்திரை ஈரமாக இருந்தது. எடெலிசா அதை ஊதிக் காயவைத்தாள், காய்ந்த பிறகும் ஊதினாள்.

கார் ஊரைத் தாண்டுவதற்குள் தொலைபேசி அடித்தது.

"எடி, என் கடிதம் வந்து சேந்துச்சா? வேலை ஆச்சா?"

"வேலை ஆச்சு. கடிதம் குடுக்கல."

"குடுக்காம எப்படி ஆச்சு?"

"அது உனக்குப் புரியாது."

அவன் இருமினான். "சரி, போகட்டும். ஆனா அந்த விஷயம் நமக்குள்ளயே..." பின்னால் ஒரு பிள்ளை அழும் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால், யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாய் என்று ஒரு பெண் குரல் கேட்டது. ரெனாட்டோ மறுபடி இருமினான். தொலைபேசி கை மாறும் சத்தம் வந்தது.

"யாரு பேசறது?"

எடெலிசா ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள்.

"எடெலிசா துபாஸ் மக்பனுவா."

எதிர்ப்பக்கம் செர்லி பிள்ளையைச் சமாதானப்படுத்துவது கேட்டது.

"எஸ்கலாந்தே இல்லையாக்கா?"

"இல்லம்மா. நான் விட்டுட்டேன். வழக்கு எப்பப் போடப்போறாருன்னு அவருகிட்டயே கேளு. எங்க கையெழுத்துக் கேட்டாலும் வந்து போடறேன்."